சேலத்தில் வாசிக்கிற சல்சா அசலா, சினிமா தும்பாவா?

கேள்வி சுருக்கமாக இது: தங்கையின் கல்யாண வரவேற்பு ஏற்காட்டில், ஒரு விடுதியின் புல்வெளியில். மணமக்கள் இருவரும் பெங்களூரில் வேலை பார்த்தபோது சல்சா வகுப்புக்குப் போய்ப் பழகியவர்கள். ஸ்பீக்கர் பாட்டுக்கு ஆடாமல் நேரடி வாசிப்புக்கு ஆட வேண்டும் என்று ஆசை. சேலத்தில் பல வருஷமாக லத்தீன், கரீபியன் நடன இசை வாசிக்கிற குழு ஒன்று உண்டு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நம்பிக் கூப்பிடலாமா, இல்லை அதுவும் சினிமாப் பாட்டுக்குத் தும்பா (காங்கோ என்கிற உயரமான கைமுரசு) தட்டுகிற மெல்லிசைக் குழுதானா? இந்த ஊரில் அப்படி ஒரு குழு இத்தனை காலம் எப்படி ஓடுகிறது?

நான் அந்தக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறவன். அதனால் குழுவின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்வது முறையாக இருக்காது. நீங்கள் யாரைக் கூப்பிட்டாலும் உதவுகிற மாதிரி, எதைக் கேட்டு முடிவு செய்வது என்று சொல்கிறேன்.

முதலில் பேஸைக் கேளுங்கள். என் வாத்தியம் என்பதற்காகச் சொல்லவில்லை. பாடகர் ஸ்பானிஷ் வார்த்தைகளை அள்ளி விடுவார், டிரம்பட் பளபளக்கும், தும்பாக்காரர் கையைத் தலைக்கு மேல் தூக்கி அடிப்பார். அதெல்லாம் கண்ணுக்கு. சல்சாவா இல்லையா என்பது பேஸ் எங்கே விழுகிறது என்பதில் தெரிந்துவிடும். ஒரு சுற்றை எட்டு அரைத்தட்டாக எண்ணிக்கொள்ளுங்கள். நம் மெல்லிசைப் பழக்கத்தில் பேஸ்காரர் ஒன்றில் ‘தொம்’ என்று இறங்கியே ஆக வேண்டும். அதை விட்டால் பாடகர் திரும்பி முறைப்பார். கியூபாவின் ‘சொன்’ இசையிலும், அதிலிருந்து கிளைத்து 1960, 70களில் நியூயார்க்கில் சல்சா என்ற பெயரில் பரவியதிலும் பேஸ் வழக்கமாக நாலிலும் ஏழிலும் விழும். ஏழில் அடித்த சுரம் அப்படியே நீண்டு அடுத்த சுற்றின் ஒன்றைத் தாண்டிப் போகும். ஒன்றில் பேஸ் எதையும் புதிதாக அடிக்காது. இன்னொன்றும் உண்டு. அந்த ஏழில் அடிக்கிற சுரம் அடுத்த சுற்றின் கார்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டைச் சேர்ந்தது. மற்றவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேஸ் உள்ளே போய்ப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்.

ஆடுகிறவரின் கால் ஒன்றில் தரைக்கு வருகிறது, பேஸோ ஏழிலேயே வந்துவிட்டது. இந்த முன்னே பின்னே இருக்கிற இழுவைதான் ஆட்டத்தை நகர்த்துகிறது. இரண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் அணிவகுப்பு மாதிரி ஆகிவிடும். தும்பாவும் இதற்குத் துணை போகும்: மூன்றில் ஒரு ‘டப்’ என்ற அறை, ஏழிலும் எட்டிலும் இரண்டு திறந்த ‘தும் தும்’. மீதி இடங்களில் உள்ளங்கையும் விரல் நுனியும் மாறி மாறித் தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். மைக் வைக்காவிட்டால் அது சபைக்குக் கேட்காது. கேட்காத அந்தத் தட்டுகளை ஒழுங்காக வைக்கிறவர்தான் நல்ல தும்பாக்காரர்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பரிசோதனை சல்சாவுக்கும் சொன்னுக்கும் மட்டும். டொமினிகன் குடியரசின் மெரெங்கே, டிரினிடாட்டின் சோகா போன்ற நடன இசைகளில் பேஸ் பெரும்பாலும் ஒன்றிலேயே இறங்கும். அதைக் கேட்டுவிட்டு “இவங்க டூப்பு” என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

அடுத்து கிளாவே, பாட்டு முழுக்க அடிப்படையாக ஓடுகிற தாள அமைப்பு. இரண்டு சுற்றுக்கு, அதாவது பதினாறு அரைத்தட்டுக்கு, ஐந்தே ஐந்து தட்டு. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று மோதி அடிப்பார்கள். கட்டை இல்லாவிட்டாலும் எல்லோர் மண்டைக்குள்ளும் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். வெளிநாட்டுப் புத்தகங்களில் இதை விளக்கப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தாளச் சொற்களை வாயால் சொல்கிற கொன்னக்கோல் தெரிந்தவருக்கு ஒரே வரி போதும்: தகிட தகிட தகதிமி தக தகதிமி. மூன்று, மூன்று, நாலு, இரண்டு, நாலு, கூட்டினால் பதினாறு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் கை தட்டினால் அதுதான் சொன் கிளாவே. நடுவில் ஒன்றை மட்டும் தள்ளி தகிட தகதிமி தகிட தக தகதிமி என்று சொன்னால் ரும்பா கிளாவே ஆகிவிடும். முதல் சுற்றில் மூன்று தட்டும் இரண்டாவதில் இரண்டு தட்டும் விழுந்தால் 3-2 என்பார்கள். திருப்பிப் போட்டால் 2-3. பாட்டு தொடங்கியபின் அந்த வரிசை குலையக் கூடாது. பியானோவில் திரும்பத் திரும்ப வருகிற மொன்டுனோ, டிரம்பட் வெட்டுகள், பாடகர் அடி எடுக்கிற இடம், எல்லாம் அதற்குள் பொருந்தி உட்கார வேண்டும்.

ஆகவே குழுவைப் பார்க்கப் போகும்போது ஏதாவது ஒரு பாட்டைச் சொல்லி, “இது 3-2ஆ, 2-3ஆ?” என்று கீபோர்டுக்காரரைக் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வந்தால் சரி. “அதெல்லாம் ஃபீல்தாங்க” என்று பதில் வந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இங்கே சேலத்துக்காரர்களுக்கு ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. கணக்கு நமக்குப் புதிதில்லை. சமத்துக்கு, அதாவது தாளத்தின் முதல் தட்டுக்கு, முன்னாலேயே பாட்டு எடுப்பதற்கு அதீத எடுப்பு என்று பெயரே வைத்திருக்கிறோம். மிருதங்கமோ கடமோ கொஞ்சம் பழகிய பையனுக்குக் கிளாவேயை ஒரு சாயங்காலத்தில் புரியவைத்துவிடலாம். பாதகம் என்னவென்றால், எவ்வளவு சுற்றினாலும் கடைசியில் சமத்தில் வந்து ‘தாம்’ என்று விழுவதில்தான் நமக்குச் சுகம். சபையும் அங்கேதான் தலையாட்டும். சல்சாவில் அந்தச் சுகத்தைத் தியாகம் செய்ய வேண்டும். எங்கள் தும்பாக்காரர் புதிதாக வந்த கீபோர்டு பையனிடம் பயிற்சி முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான்: “தம்பி, ஒண்ணுல அடிக்காத. விட்டுடு. அது எங்கயும் ஓடிப் போகாது.” பையன் தலையாட்டுவான், அடுத்த சுற்றிலேயே ஒன்றில் அடிப்பான். “இல்லீங்கண்ணா, கை தானாப் போகுதுங்கண்ணா.” தானாகப் போகாமல் இருக்கப் பல மாதம் ஆகும். நல்ல மெல்லிசைக் குழுக்கள் அவசரத்துக்கு ஒரு சல்சா எடுத்து வாசிக்கும்போது தடுமாறுவது இதில்தான். அவர்களுக்குத் திறமை இல்லாமல் இல்லை.

யார் எந்த வாத்தியத்துக்குச் சரிவருவார் என்பதும் சுவாரசியமான விஷயம். தவில்காரர் தும்பாவுக்கு வந்தால் உடனே பிரமாதமாக இருக்கும் என்று நினைப்போம். அவர் வலது கை விரல்களில் கூடு மாட்டி அடித்துப் பழகியவர், இடது கையில் கழி. வெறுங்கையால் தோலை அறைந்து கையை அங்கேயே ஒட்டவைத்து ஒலியை அடக்குவது அவருக்கும் புதுப் பாடம்தான். ஆனால் தாக்குப்பிடிக்கும் பலம் இருக்கிறது, இரண்டு மணி நேரம் வேகம் குறையாது. பேண்டு செட்டில் சைடு டிரம் அடித்தவரை டிம்பாலிஸ் என்கிற உலோக இரட்டை முரசு முன்னால் நிறுத்தினால் நாலே வாரத்தில் தேறிவிடுவார். குச்சி பழகிய கை, உலோகப் பக்கவாட்டில் தட்டுகிற ஓட்டமும் மணியும் அவருக்குச் சுலபம். டிராம்போன் இங்கே கிடைப்பது கஷ்டம். அதன் வேலையை எங்கள் குழுவில் யூஃபோனியம் என்கிற பித்தளை ஊதுகுழல் செய்கிறது. கியூபாக்காரர் கேட்டால் சிரிப்பாராக இருக்கும், ஆனால் கீழ்ச் சுரத்தில் நன்றாகத்தான் ஒலிக்கிறது.

கியூபாவின் குய்ரோ காய்ந்த சுரைக்குடுக்கையில் கோடு கீறிச் செய்வது. மெரெங்கேக்கு வேண்டிய குய்ரா உலோகம். எங்களுடையது உள்ளூர்ப் பட்டறையில் செய்தது: துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை எடுத்து, பின்பக்கத்திலிருந்து ஆணியால் வரிசை வரிசையாகக் குத்தி, முன்பக்கம் சொரசொரப்பாகப் புடைத்ததும் உருளையாகச் சுருட்டிக் கைப்பிடி ஒட்டியது. முள் சீப்பு மாதிரி ஒரு கம்பிக் கொத்தால் அதை வருடினால் ‘சிக் சிகி சிக்’ என்று ஓடும். பட்டறைக்காரர் கடைசிவரை அதைத் தேங்காய் துருவுகிற சாமான் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். எஃகு ஊரில் இருந்துகொண்டு இதைக்கூடக் கடல் கடந்து வரவழைத்தால் எப்படி?

இந்த ஊருக்கு இந்த இசை எப்படி வந்தது என்றால், ஒரு பாதை சினிமா வழியாக. டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில்தான் இருந்தது. இப்போது முகப்பு வளைவுதான் மிச்சம். 1960களில் அவர்கள் எடுத்த துப்பறியும் படங்களுக்கு வேதா இசையமைத்தார். கிளப் நடனம், பாங்கோ, டிரம்பட், மரக்காஸ் என்று அந்தப் பாட்டுகளில் லத்தீன் வாசனை தூக்கலாக இருக்கும். இன்னொரு பாதை ரயில்வே. ஜோலார்பேட்டை, போத்தனூர் மாதிரி ரயில்வே காலனிகளில் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் ரும்பாவும் சா-சா-சாவும் ஆடின காலம் ஒன்று இருந்தது. எங்கள் குழுவைத் தொடங்கியவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கல்யாண ஊர்வலங்களில் டிரம்பட் ஊதியவர். மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் பழைய இசைத்தட்டுகளைக் கேட்டு, காதாலேயே எழுதி எடுத்தார். அவர் எழுதிய நோட்டில் சுரங்கள் ச ரி க ம என்றும், வெட்டு விழுகிற இடங்கள் தகிட தகதிமி என்றும் இருக்கும். இன்றைக்கும் அதைப் பார்த்துத்தான் வாசிக்கிறோம்.

கரீபியன் பக்கம் நமக்கு உறவு இன்னும் நெருக்கம். 1850களில் தொடங்கி புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகத் தமிழர்கள் கப்பலேறினார்கள். குவாதலூப்பில் மாரியம்மன் வழிபாடு இன்னும் நடக்கிறது, அங்கே அடிக்கிற பறைக்கும் தப்பு என்றுதான் பெயர். டிரினிடாட்டில் முதல் இந்தியக் கப்பல் இறங்கியது 1845இல். அங்கே 1970களில் லார்ட் ஷார்ட்டி என்ற கலிப்ஸோ பாடகர், இந்திய வம்சாவளியினர் வாசித்த டோலக், தந்தால் போன்றவற்றின் ஓட்டத்தைக் கலிப்ஸோவோடு கலந்துதான் சோகாவை உருவாக்கினார். அதனால் சோகா எடுத்தால் நம் வீட்டுப் பெரியம்மாக்கள் சொல்லிக்கொடுக்காமலே தோளைக் குலுக்குகிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வேகமான சோகாவை ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் கோவில் பக்கம் வாசித்தால், எந்த ஊர் மேளம் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

இனி, எப்படி இத்தனை வருஷம் ஓடுகிறது என்ற கேள்வி. காசுப் பங்கீடுதான் காரணம். மெல்லிசைக் குழுக்களில் பாடகருக்குப் பெரிய பங்கு, கீபோர்டுக்கு அடுத்தது, மரக்காஸ் குலுக்குகிறவருக்குச் சாப்பாடும் பஸ் காசும் என்று இருக்கும். எங்களிடம் எல்லோருக்கும் சம பங்கு, வண்டிச் செலவும் ஒலிபெருக்கி வாடகையும் போக. இது நாங்கள் கண்டுபிடித்தது இல்லை. கியூபாவில் சியென்ஃபுவேகோஸ் ஊரில் 1939இல் தொடங்கிய ஒர்கெஸ்டா அரகோன் ஒரு கூட்டுறவு மாதிரிதான் நடந்தது. ஆட்கள் மாறி மாறி இன்னும் அந்தப் பெயரில் வாசிக்கிறார்கள். சல்சாவில் குய்ரோக்காரர் சோர்ந்தால் பாடகரும் சேர்ந்து விழுவார். அப்படிப்பட்ட இசைக்குச் சம்பளமும் அப்படித்தான் இருக்க வேண்டும். சம பங்கு பிடிக்காமல் எங்களை விட்டுப் போன பாடகர்கள் உண்டு. போகட்டும். பாடகர் மாறினால் ஒரு மாதத்தில் சரிசெய்துவிடலாம். பேஸ், தும்பா, டிம்பாலிஸ், பியானோ, இந்த நாலு பேரில் ஒருவர் போனால் ஒரு வருஷம் பின்னால் போய்விடுவோம். எனவே எந்தக் குழுவிடமும் “எத்தனை வருஷமா இருக்கீங்க” என்று கேட்பதைவிட, “இந்தத் தாளக்காரங்க எத்தனை வருஷமா ஒண்ணா வாசிக்கிறாங்க” என்று கேளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இருக்காது, வருமானமும் இருக்காது. நாங்கள் புதுப் பாட்டு ஏற்றுவது அந்த மாதங்களில்தான். சும்மா இருக்கிற மாதத்தில் கூடிப் பயிற்சி எடுக்காத குழு, முகூர்த்த மாதத்தில் என்ன வாசிக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காடு என்பதால் சில நடைமுறை விஷயங்கள். புல்வெளி வேண்டாம். சல்சாவில் பெண் ஒரே காலில் சுழல வேண்டும், ஈரப்புல்லில் குதிகால் புதைந்து முட்டி திரும்பிக்கொள்ளும். விடுதியில் வழவழப்பான கல் தரையோ மரத்தரையோ உள்ள கூடம் இருந்தால் ஆட்டத்தை அங்கே வையுங்கள்; சாப்பாட்டை வேண்டுமானால் புல்வெளியில் போடலாம். இல்லாவிட்டால் பிளைவுட் பலகை அடித்த ஆட்டத் தளம் ஒன்றைச் சேலத்திலிருந்து ஏற்றுங்கள்.

சாயங்காலம் பனி இறங்கியதும் தோல் வைத்த தும்பா தளர்ந்து ‘பொத் பொத்’ என்று ஆகிவிடும். பழைய ஆட்கள் கரி அடுப்பில் காட்டுவார்கள். இப்போது திருகாணியை முறுக்கினால் போதும், இல்லாவிட்டால் செயற்கைத் தோல். டிரம்பட்டும் யூஃபோனியமும் குளிரில் சுருதி இறங்கும், கீபோர்டு இறங்காது. ஊதி ஊதிக் குழலைச் சூடாக்கிய பிறகே சுருதி சேர்க்க வேண்டும். ஆகவே குழுவினரை மேடை ஏறும் நேரத்துக்கு வரச்சொல்லாமல் ஒரு மணி நேரமாவது முன்னதாக வரச்சொல்லி, ஒதுங்க ஒரு அறையும் சூடாக ஏதாவது குடிக்கவும் கொடுங்கள். அது உபசாரத்துக்காக இல்லை, சுருதிக்காக. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற வண்டியில் பாதிப் பேருக்கு வயிறு புரட்டியிருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மே மாதக் கோடை விழா சமயம் என்றால் ஒண்டிக்கடைப் பக்கம் வண்டிகள் நகராது. அடிவாரப் பாதை, குப்பனூர் பாதை இரண்டில் எதில் ஏற விடுகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் அனுமதிக்காது. ஏழரைக்கு ஆரம்பித்தால்தான் நிம்மதியாக இரண்டு கட்டமாக வாசிக்க முடியும். நம் வரவேற்புகளில் மேடையில் வாழ்த்து வரிசை முடியவே ஒன்பதரை ஆகும், எனவே முதல் ஆட்டத்தை வரிசைக்கு முன்னாலேயே வைத்துவிடுங்கள்.

பாட்டு வரிசையைக் குழுவிடமே விடுவது நல்லது, ஆனால் ஒரு யோசனை. மெரெங்கேயில் தொடங்கச் சொல்லுங்கள். இடது வலது என்று நடக்கத் தெரிந்தால் போதும், சித்தப்பாவும் ஆடிவிடுவார். அப்புறம் சா-சா-சா. 1950களின் தொடக்கத்தில் கியூப இசையமைப்பாளர் என்ரிக்கே ஹோரின் அதை உருவாக்கியதே, அப்போதிருந்த தாள வெட்டுகளில் ஆடுகிறவர்களின் கால் சிக்குவதைப் பார்த்து எளிமைப்படுத்தத்தான். கூட்டம் சூடானதும் மணமக்களின் சல்சா. பிறகு சோகா. குத்துப் பாட்டு கேட்டு யாராவது மாமா மேடைக்கு வருவார், அது தவிர்க்க முடியாதது. கடைசி அரை மணி நேரம் டி.ஜே.வுக்கு என்று முதலிலேயே பேசிவைத்துவிட்டால், “அடுத்து அதுதாங்க மாமா” என்று சொல்லி அனுப்பிவிடலாம். சல்சாவும் குத்தும் ஒரே கையால் மாறி மாறி வாசித்தால் இரண்டும் கெட்டுவிடும் என்பது எங்கள் தும்பாக்காரரின் கட்சி. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை, ஆனால் அவரை எதிர்த்துப் பேசுகிற தைரியம் குழுவில் யாருக்கும் கிடையாது.

முன்பணம் கொடுப்பதற்கு முன் மணமக்களிடம் மூன்று விஷயம் கேட்டுக் குழுவுக்குச் சொல்லுங்கள். ஒன்று, அவர்கள் ஒன்றில் அடி உடைத்து (முன்னோ பின்னோ வைத்த அடியில் திசை திருப்பி) ஆடுகிறவர்களா, நியூயார்க் பாணியில் இரண்டில் உடைக்கிறவர்களா. ஆட்டக்காரர் எண்ணுவது முழுத்தட்டு, அவர்களுடைய இரண்டுதான் நம் அரைத்தட்டுக் கணக்கில் மூன்று. எனவே இரண்டில் ஆடுகிறவர்களுக்குத் தும்பாவின் அறை தெளிவாகக் கேட்க வேண்டும், அதற்குத் தகுந்தபடி ஒலி அளவை வைப்போம். இரண்டு, எந்த வேகம் பழக்கம். வகுப்பில் பழகியவர்களுக்கு நிமிஷத்துக்கு 160 முதல் 180 தட்டு வசதி. உற்சாகத்தில் நாங்கள் 200ஐத் தாண்டினால் மணப்பெண் பட்டுப்புடவையில் தடுக்கி விழுவார். மூன்று, டொமினிகன் குடியரசின் இன்னொரு நடன இசையான பச்சாட்டா வேண்டுமா. வகுப்புகளில் சல்சாவோடு அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுக்கிறார்கள், ஆனால் அதற்குக் கிட்டார்தான் முன்னால் நிற்க வேண்டும். அதற்கென்று ஆள் ஏற்பாடு செய்ய எங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். முடிந்தால் மணமக்களையே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சிக்கு அனுப்புங்கள். ஒரு பாட்டு ஆடிப் பார்த்தால் குழு அசலா இல்லையா என்று அவர்கள் காலே சொல்லிவிடும். உங்களுக்குக் கிளாவே பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை.